கித்துல்கல: அன்று மழை, இன்று மின்சார சபை

நாவலப்பிட்டிக்கு மழை உண்டு, காற்றுதான் போதாது. பலகையில் பாய் கட்டி நீர்மேல் ஓடும் விண்ட்சர்ஃபிங் பழக நினைப்பவர் பெந்தோட்டைக்குப் போகவேண்டும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பாய ஆசை என்றால் கற்பிட்டி. தண்ணீரில் ஆடித் திரும்ப நினைக்கும் நம்மூர் இளவட்டங்களுக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை. கினிகத்தேனை முகட்டைத் தாண்டி இறங்கினால் கித்துல்கல, அங்கே ராஃப்டிங். முகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்வது மகாவலியோடு திருகோணமலைக்கும், அந்தப் பக்கம் பெய்வது களனியோடு கொழும்புக்கும் போகிறது. விளையாட்டு என்னவோ களனிப் பக்கத்துக்குத்தான் வாய்த்தது.

அன்று அந்த ஆற்றுக்கு யாரும் விளையாட வரவில்லை. வந்தது ஒரு சினிமாக் கூட்டம். டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காக அங்கே பெரிய மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார். பிரதமர் பண்டாரநாயக்கவும் நேரில் வந்து பார்த்தார். படம் 7 ஒஸ்கார் வாங்கியது. ஆற்றங்கரையில் மிஞ்சியது பாலத்தின் கொங்கிரீட் அடித்தளம்.

ஆறு மாறியது மேலே, மலைக்குள். எஞ்சினியர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்ன நீர்மின் யோசனை, 1950இல் பழைய லக்ஷபான மின்நிலையமாக உருவெடுத்தது. 1965இல் காசல்ரீ அணை, 1969இல் மவுசாகலை அணை. பழைய மஸ்கெலியா டவுன் கோயில் குளத்தோடு நீரில் போனது. கடும் வரட்சியில் அந்தக் கோயில் இன்றும் வெளியே தெரியும். பொல்பிட்டிய மின்நிலையமும் 1969இல்தான். களனிக்குத் தாயான கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சுரங்கத்துக்குள் புகுந்து, டர்பைன் சுற்றி, அதன் பிறகே கித்துல்கலவுக்கு வரத் தொடங்கின.

ராஃப்டிங் இத்தனைக்கும் பிறகு வந்த தொழில். அதாவது, பிறந்ததே அணைகளுக்குக் கீழே. ரப்பர் படகில் ஆறேழு பேர், தலையில் ஹெல்மெட், கையில் துடுப்பு. வழிகாட்டி பின்னால் குந்தியிருந்து 'ஃபோவர்ட்' என்று கத்தினால் எல்லோரும் சேர்ந்து வலிக்கவேண்டும். பாறை நெருங்கும்போது 'கெட் டவுன்' என்றால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் சரியவேண்டும். 'ஹெட் சொப்பர்' என்று ஒரு சரிவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பயங்கரம், புதியவர்களும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். ஆனால் படகு போக ஆற்றில் அளவான தண்ணீர் வேண்டும். குறைந்தால் பாறையில் உரசி நிற்கும். கூடினால் இறக்கவே மாட்டார்கள்.

இங்கேதான் இழுபறி. நாட்டுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கெரியும் நேரம். ராஃப்ட்காரருக்குத் தண்ணீர் தேவைப்படுவது பட்டப்பகல். 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் திட்டம் வந்தபோது, படகு ஓடும் அதே பகுதியின் நீர் சுரங்கத்துக்குள் போய்விடும் என்று அவர்கள் பதறினார்கள். பகலில் சில மணி நேரம் படகுகளுக்கென்று நீர் திறந்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். நியாயமான ஏற்பாடுதான், ஆனாலும் வானத்தைவிடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இனிப் படகு இறக்கவேண்டும்.

இதில் நம்மவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சோற்றுப் பார்சலோடு வான் பிடித்துப் போகும் குடும்பங்கள், வெயில் அடிக்கிறதே, மழைக்குணம் இல்லையே என்று ஆற்றின் நடுப்பாறை வரை இறங்கிவிடுகின்றன. களனி ஏறுவதற்கு இப்போது மழை பெய்யத் தேவையில்லை. எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று அங்குள்ள ராஃப்ட் பொடியன்களிடம் கேட்டுவிட்டுக் குளிக்க இறங்குங்கள்.