நாய்க்கு முடி கொட்டுதா? டானிக் வாங்கும் முன் சோற்றுத் தட்டையும் உண்ணியையும் பாருங்க!

உளுந்தூர்பேட்டை சுற்று வட்டாரத்தில் கொல்லை, களம், மாட்டுக்கொட்டகை என எங்கு பார்த்தாலும் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். வீட்டில் மிஞ்சும் சோறும் மோரும்தான் பெரும்பாலும் அதற்குச் சாப்பாடு. திடீரென முடி கொட்டும், தோலில் பொடுகு மாதிரி உதிரும், ராத்திரி முழுக்க சொறியும். உடனே மெடிக்கலுக்குப் போய், "முடிக்கு ஏதாவது டானிக் கொடுங்க" என்று கேட்போம்.

அந்த டானிக் உண்மையிலேயே வேலை செய்யுமா? சில நாய்களுக்குச் செய்யும். ஆனால் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் ஊற்றினால் காசும் போகும், சில நேரம் நாயின் உயிரும் போகும். எது பலன் தரும், எது தராது என்பதைப் பார்க்கலாம்.

சோறும் மோரும் போதாதா?

நாயின் முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உடலுக்குள் போகும் புரதத்தில் கால் பங்குக்கு மேல் தோலுக்கும் முடிக்குமே செலவாகிறது என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். புரதம் குறைந்தால் உடல் முதலில் கை வைப்பது முடியில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு சுமார் 600 கலோரி தேவை. வளர்ந்த நாய்களுக்கான அமெரிக்காவின் 'ஆஃப்கோ' அளவுகோலின்படி அதில் 27 கிராம் புரதம் இருக்க வேண்டும். 600 கலோரியையும் வெறும் சோறாகவே போட்டால் கிடைக்கும் புரதம் 12 கிராம் சொச்சம். பாதிகூட இல்லை! மோர் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடுமே தவிர புரதம் பெரிதாகக் கூடாது.

அதனால் முதல் 'சப்ளிமென்ட்' சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு அவித்த முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியில் 25 கிராமுக்கு மேல். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, இவற்றைத் தினமும் சேர்த்தாலே பல நாய்களுக்கு முடியில் வித்தியாசம் தெரியும். முட்டையை அவித்தே கொடுக்கணும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள், முடிக்குத் தேவையான பயோட்டினை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

எந்தச் சத்து உண்மையிலேயே முடிக்கு உதவும்?

லினோலெயிக் அமிலம்: இது ஒமேகா-6 வகைக் கொழுப்பு. நாயின் உடலால் இதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். குறைந்தால் முடி பளபளப்பு இழந்து, தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கிறது. 10 கிலோ நாயின் ஒரு நாள் தேவைக்கு அதுவே போதும். கடலை எண்ணெயில் கொஞ்சம் குறைவு, சூரியகாந்தி எண்ணெயில் அதிகம். எல்லோரும் சொல்லும் தேங்காய் எண்ணெயில் இது மிகமிகக் குறைவு. ஆனால் எண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. வயிற்றுப்போக்கு வரும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியே வரலாம்.

மீன் எண்ணெய்: இதில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் தோல் அழற்சியைக் குறைக்கும். அலர்ஜியால் சொறியும் நாய்களுக்கு உதவும் என்று அதிக ஆதாரம் உள்ள சப்ளிமென்ட் இதுதான். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுத்தாலும் இதே சத்து கிடைக்கும். மீன் குழம்பு வேண்டாம், அதில் சேரும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம். ஆளி விதையிலும் ஒமேகா-3 உண்டு, ஆனால் நாயின் உடல் அதை இபிஏ-வாக மாற்றுவது மிகக் குறைவு.

துத்தநாகம்: வெறும் தானிய உணவில் வளரும் குட்டிகளுக்கு இந்தக் குறை வரும். தானியத்தில் உள்ள பைட்டேட், துத்தநாகத்தை உடலில் சேரவிடாது. கண், வாய் ஓரம், பாதம் ஆகிய இடங்களில் தோல் தடித்து பொருக்கு கட்டும். ஹஸ்கி இன நாய்களுக்குப் பரம்பரையாகவே இந்தப் பிரச்னை உண்டு. அளவு மீறினால் துத்தநாகமே விஷம் என்பதால் மருத்துவர் சொல்லாமல் தனியாகக் கொடுக்கக் கூடாது.

பயோட்டின்: பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் பச்சை முட்டை சாப்பிடாத, ஓரளவு நல்ல உணவு எடுக்கும் நாய்க்கு பயோட்டின் குறைபாடு வருவது அரிது.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

'மீன் எண்ணெய் 1000 மி.கி' என்று முன்பக்கம் இருப்பதை நம்பி வாங்காதீங்க. பின்பக்கம் இபிஏ எவ்வளவு, டிஹெச்ஏ எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண 1000 மி.கி மாத்திரை ஒன்றில் இரண்டும் சேர்ந்து 300 மி.கி தான் இருக்கும்.

தோல் அலர்ஜிக்குக் கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் அளவு 10 கிலோ நாய்க்கு இரண்டும் சேர்த்து நாளுக்கு சுமார் 700 மி.கி. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு வகுத்த உச்ச வரம்பு, அதே எடைக்குச் சுமார் 2,000 மி.கி. அதைத் தாண்டினால் ரத்தம் உறைவது தாமதமாகலாம், காயம் ஆறுவதும் தாமதமாகலாம். ஆபரேஷன் இருந்தால் மீன் எண்ணெய் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடணும்.

காட் லிவர் ஆயில் வேறு, மீன் எண்ணெய் வேறு. முதலாவதில் வைட்டமின் ஏ, டி அதிகம். ஒமேகா-3 வேண்டும் என்று அதை ஏற்றினால் அந்த வைட்டமின்கள் உடலில் தேங்கி விஷமாகும்.

டானிக் பலிக்காத இடங்கள்

இதுதான் முக்கியம். முடி கொட்டும் எல்லா நாய்க்கும் சத்துக்குறைவு கிடையாது.

* காது ஓரம், முழங்கையில் முடி போய், விடாமல் சொறிந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பு தொற்றும்.
* வட்ட வட்டமாக முடி போனால் படர்தாமரை. இதுவும் மனிதருக்குத் தொற்றும், குழந்தைகள் கவனம்.
* வாலுக்கு மேல் முதுகில் முடி போனால் தெள்ளுப்பூச்சி அலர்ஜியாக இருக்கலாம்.
* சொறியாமலே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைந்து, உடல் எடை கூடினால் தைராய்டு குறைபாடா என்று பார்க்கணும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது உண்ணிக் காய்ச்சல். நாய் உண்ணி கடிக்கும்போது 'எர்லிச்சியா' என்ற கிருமி ரத்தத்தில் நுழைகிறது. ஆரம்பத்தில் சோர்வு, சாப்பாடு குறைவு, மங்கிய முடி மட்டும்தான் தெரியும். 'சத்து இல்லை போல' என்று டானிக் கொடுத்துக்கொண்டே இருப்போம். உள்ளே ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகும். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வரும்போது பல நாய்களைக் காப்பாற்ற முடிவதில்லை. சீக்கிரம் ரத்தப் பரிசோதனை செய்தால் மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது.

கிராமங்களில் நடக்கும் தவறுகள்

மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை நாய்க்கும் போடுவது தவறு. அதில் அதிகமாக உள்ள கால்சியம், துத்தநாகம் சேர்வதை மேலும் தடுக்கும். மாட்டுக்கான உண்ணி மருந்தையும் ஊசியையும் குத்துமதிப்பாக நாய்க்குப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து.

நிலக்கடலை, மக்காச்சோளம் விளையும் பகுதி இது. பூஞ்சை பிடித்த கடலை, புண்ணாக்கு, மக்காச்சோளத்தை 'வீணாகுதே' என்று நாய்க்கு வைக்காதீங்க. அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். சொறிக்கு மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் தடவுவதும் கூடாது. தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

நாயின் மேல்தோல் புதுப்பிக்க 3 வாரம் ஆகும். அதனால் சாப்பாட்டை மாற்றினாலும் சப்ளிமென்ட் கொடுத்தாலும் 6 முதல் 8 வாரம் பொறுக்கணும். மீன் எண்ணெய்க்கு 12 வாரம் வரைகூட ஆகலாம். 'ஒரே வாரத்தில் பளபளப்பு' என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலில் அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால், உளுந்தூர்பேட்டையில் தொடங்கும் சேலம் சாலையிலேயே கள்ளக்குறிச்சி, சின்னசேலம் தாண்டினால் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மொத்தத்தில் வரிசை இதுதான்: முதலில் உண்ணியும் நோயும் இருக்கா என்று பார்க்கணும். அடுத்து தட்டில் முட்டையோ மீனோ கறியோ சேரணும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், மருத்துவர் சொல்லும் அளவில் டானிக். இன்று சாயங்காலம் சோறு வைக்கும்போது காது மடலையும் விரல் இடுக்கையும் ஒருமுறை விரித்துப் பாருங்க. உண்ணி பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான்.