யூரின் டெஸ்ட் ‘நெகட்டிவ்’, ஆனால் காய்ச்சல் விடவில்லையே?

பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. பால் குடிக்க மாட்டேன் என்கிறது, குடித்ததையும் கக்கிவிடுகிறது. அம்மாவுக்கு ஃபோன் போட்டால், “பல்லு முளைக்குதும்மா, அதான் உடம்பு காயுது” என்கிறார். டாக்டரிடம் ஓடுகிறோம். யூரினில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, “நெகட்டிவ், வைரஸாக இருக்கும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி தெர்மாமீட்டர் 39 டிகிரியைத் தாண்டுகிறது.

பெரும்பாலும் அது வைரஸாகவே இருக்கும், தானாக விட்டுவிடும். ஆனால் சில சமயம் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கும், டெஸ்டில் மட்டும் சிக்கியிருக்காது. ஏன் சிக்கவில்லை என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதும் தெரியும்.

பட்டை எதைப் பார்க்கிறது?

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியா. யூரினில் உள்ள நைட்ரேட்டை அது நைட்ரைட்டாக மாற்றும், அதைப் பார்த்துப் பட்டையில் நிறம் மாறும். ஆனால் இதற்கு யூரின் சில மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்கியிருக்க வேண்டும். டயப்பர் வயதுப் பிள்ளைகள் அடிக்கடி போய்விடுவார்கள். அதனால் ஈ.கோலை இருந்தாலும் நைட்ரைட் காட்டாமல் போகலாம். இன்னும் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. அதில் ஒன்றுதான் ஆக்டினோடிக்னம் ஷாலி.

இதைப் பற்றி முதன்முதலில் எழுதப்பட்டது 1997இல். அப்போது பெயர் ஆக்டினோபாகுலம் ஷாலி, 2015இல் பெயர் மாறியது. இதைப் பிடிப்பது ஏன் கஷ்டம் என்பது நம்ம வீட்டு இட்லி மாவை நினைத்தாலே புரியும். சென்னையில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். டொரொன்டோ குளிரில் அதே மாவு அவன் லைட்டைப் போட்டு உள்ளே வைத்தாலும் சில நாள் இரண்டு ராத்திரி கேட்கும். காலையில் பொங்கவில்லை என்று கொட்டிவிட முடியுமா? லேபில் யூரின் கல்ச்சரை வழக்கமாகச் சாதாரணக் காற்றில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஈ.கோலைக்கு அது போதும். ஷாலிக்கு 48 மணி நேரமாவது வேண்டும், கார்பன் டை ஆக்ஸைடு கூடுதலாகவோ ஆக்ஸிஜன் இல்லாமலோ வைக்க வேண்டும். அப்படி வளர்ந்தாலும் தோலில் இருந்து ஒட்டிய கிருமி என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. மால்டி-டாஃப் கருவி வந்த பிறகு, வளர்ந்த கிருமியை அடையாளம் காண்பது சுலபமாகியிருக்கிறது. ஆனால் முதலில் அது வளர வேண்டுமே!

யாருக்கு வரும்?

அதிகமாகப் பார்ப்பது 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், குறிப்பாக ப்ராஸ்டேட் வீக்கமோ கதீட்டரோ உள்ளவர்களிடம். பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவும் இதில் அடக்கம். அவர் “சூட்டுக் கடுப்பு, இளநீர் குடிச்சா சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்துவார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளுக்கு வருவது அபூர்வம். சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே அடைப்பு உள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். நெதர்லாந்தில் அப்படி அடைப்பு இருந்த ஒரு குழந்தைக்கு இந்தக் கிருமியால் சிறுநீரகத் தொற்று வந்ததை மருத்துவர்கள் 2003இல் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தக் கிருமியானாலும், சிகிச்சை தாமதமானால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். பின்னாளில் ரத்த அழுத்தம் கூடுவதற்கு அது காரணமாகலாம்.

சூட்கேஸில் வந்த மாத்திரை

நம்ம வீடுகளில் ஒரு டப்பா இருக்கும். ஊரிலிருந்து ‘அவசரத்துக்கு’ என்று வாங்கி வந்த ஆன்டிபயாட்டிக். அதில் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தாலும் இருக்கும். இந்தக் கிருமியிடம் அது பெரும்பாலும் எடுபடாது, அமாக்ஸிசிலின் போன்றவை எடுபடும். ஆனால் எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு விஷயம்: டெஸ்டுக்கு முன்னால் இரண்டு மாத்திரை போட்டுவிட்டால், இருக்கிற கிருமியும் கல்ச்சரில் வளராமல் போகலாம். தாத்தா ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

• “பட்டையோடு நிறுத்தாமல் கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா?”

• “யூரினில் சீழ் அணுக்கள் இருக்கின்றனவா? இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை என்றால், லேபில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்களா?” சீழ் இருந்தும் கிருமி வளராததற்கு வேறு காரணங்களும் உண்டு. அதில் காசநோயும் ஒன்று. ஊரில் வாழ்ந்த பெரியவர்கள் என்றால் அதையும் நினைவூட்டுங்கள்.

• “யூரினை எப்படிப் பிடிக்க வேண்டும்?” ஒட்டும் பையில் பிடித்தால் தோல் கிருமிகள் கலந்துவிடும். சுத்தம் செய்துவிட்டு, போகும்போதே நேராகப் பிடிப்பது நல்லது.

• குழந்தைக்கு மறுபடி மறுபடி தொற்று வந்தால், “அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாமா?”

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுப்ப முடியாத தூக்கம், தொடர்ந்த வாந்தி, நடுக்கம் இருந்தாலும் அப்படித்தான். பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலும் அதே அவசரம்தான்.

டாக்டரை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். இது எதிர்த்துப் பேசுவது கிடையாது. “காய்ச்சல் இன்னும் இருக்கு, வேற என்ன பார்க்கலாம்?” என்று மரியாதையாகவே கேட்கலாம். அம்மா அப்பாவுக்காக டாக்டரிடம் பேசப் போகிறவர்களும் நாம்தான். அவர்கள் சொல்லத் தயங்குவதையும் சேர்த்துக் கேளுங்கள்.