சக்கரத்தின் அளவும் சட்டத்தின் அளவும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே செல்லும் தேசிய ராஜபாட்டையின் இரு மருங்கிலும் டயர்க் கடைகளும், ரீட்ரேடிங் பட்டறைகளும், லாரிகளுக்குப் பாடி கட்டும் கொட்டகைகளும் நிறைந்திருப்பதை அவ்வழியே சென்றோர் அறிவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைத் தேசமெங்கும் அனுப்பும் திருச்செங்கோடும் அருகிலேயே இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் வார்க்கப்பட்டுள்ள எண்களை இந்தச் சீமையில் பையன்கள்கூட அரிச்சுவடியைப்போல் படிப்பார்கள். ஆயினும் ஒரு விஷயத்தில் மட்டும் இங்கே அறிந்தவர்களும் அறியாதவர்களைப்போல் நடந்துகொள்வதை நாம் காண்கிறோம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் ஜீப் வகை வண்டிகளுக்கு, தயாரித்தவர் குறித்ததைவிடப் பெரிய டயர்களை மாட்டும் விஷயமே அது.

பகட்டுக்காக மாட்டுவோர் உண்டு. அவர்களைக் குறித்து நமக்கு அதிகக் கவலையில்லை. ஆனால் கொல்லிமலையில் மிளகும் அன்னாசியும் மரவள்ளியும் பயிரிட்டு, மழை பெய்த மறுநாள் மண்பாதையில் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிபடுவதைக் கேட்டுக்கொண்டே செல்லும் குடியானவர், ‘இன்னும் கொஞ்சம் உயரம் இருந்தால் தேவலை’ என்று எண்ணுவது குற்றமாகாது. அவருடைய கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் சொல்கிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1939ஆம் வருஷத்து மோட்டார் சட்டம், வண்டியில் மாறுதல் செய்து அதனால் பதிவுப் புத்தகத்தின் விவரங்கள் பொருந்தாமற் போனால், அதைப் பதிவு அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்று கூறிற்று. சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்ட் 1988இல் செய்த சட்டத்தின் 52ஆம் பிரிவோ, மாறுதல் செய்யுமுன்னரே அனுமதி பெறவேண்டும் என்றது. இதுவும் சரியே, பொது ஜனங்கள் நடமாடும் பாதையில் ஓடும் யந்திரத்தைப்பற்றிச் சர்க்கார் முன்கூட்டி அறிந்திருப்பது நல்லதுதான். பிறகு 2000ஆம் வருஷத்தில் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். தயாரிப்பாளர் ஆதியில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவு விவரங்கள் ஆகும்படி எந்த வண்டிச் சொந்தக்காரரும் மாறுதல் செய்யலாகாது என்று அது மாறிற்று. அதாவது, அறிவி என்பது அனுமதி கேள் என்றாகி, அனுமதி கேள் என்பது செய்யாதே என்றாயிற்று. அந்நிய ஆட்சி குடிமகனிடம் வைத்த அளவு நம்பிக்கையைக்கூட நம்முடைய ஆட்சி வைக்கவில்லை என்பது கசப்பான உண்மை.

இப்பிரிவின் பொருளைக் குறித்துக் கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கேரள ஹைகோர்ட் விதிகளை மட்டும் பார்த்துச் சட்டத்தைப் பாராமல் விட்டது தவறென்றும், விதிக்கு மேற்பட்டது சட்டம் என்றும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்ற இயலாதென்றும் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் கூறினர். அதே வருஷத்தில் பார்லிமெண்ட் கொணர்ந்த திருத்தம், அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று தண்டனை வகுத்தது. நான்கு டயரை மாற்றினால் அது ஒரு மாறுதலா, நான்கு மாறுதலா என்பதைப் பிரேக் இன்ஸ்பெக்டரின் மனோபாவத்துக்கு விட்டிருக்கிறார்கள் போலும்!

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கில்லாமல் இவ்விஷயத்தைப் பேசுவது வெறும் வம்பாகும். 2020இல் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டியின் ஒரு ரகத்துக்கு 245/75 ஆர் 16 என்ற டயர் குறிக்கப்பட்டது. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. 16 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இவற்றைக் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் ஏறக்குறைய 774 மில்லிமீட்டர். இதே ரிம்மில் 265/75 மாட்டினால் 804. 285/75 மாட்டினால் 834. முதலாவதில் உயரம் 30 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எழும்புவது அதில் பாதியே, 15 மில்லிமீட்டர். விரலகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான இந்த உயரத்துக்காகவே இத்தனை செலவும் வழக்கும்.

அந்த விரலகலத்துக்கு வண்டி கொடுக்கும் விலையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் செல்லும் தூரம் கூடுகிறது. வேகமானியோ அதை அறியாது. 285 அளவு மாட்டியவர் முள் 80 காட்டும்போது உண்மையில் 86 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் வேகமானியை உலக விதிகள் ஓரளவு பொறுக்கும். குறைவாகக் காட்டுவதைப் பொறுக்கமாட்டா. ஒவ்வொரு கியரிலும் இழுவை நூற்றுக்கு 7க்கு மேல் குறைகிறது. கனமான சக்கரத்தை நிறுத்த அதே பிரேக் அதிகம் பாடுபடுகிறது. சக்கரங்களின் சுழற்சியை எண்ணிப் பிரேக்கை ஆளும் ஏ.பி.எஸ். கருவி, தயாரிப்பாளர் சோதித்த அளவை வைத்தே கணக்கிடுகிறது.

சமவெளியில் இவை சில்லறைக் குறைகளாகத் தோன்றலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படியில்லை. வளைவுதோறும் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பவேண்டும். அப்போதுதான் பெருத்த டயரின் ஓரம் உள்தகட்டிலும் கீழ்க்கையிலும் உரசத் தொடங்கும். பட்டறை வாசலில் நேராக நிறுத்திப் பார்த்தபோது உரசவில்லை என்பது சாட்சியாகாது. இறக்கத்திலோ, கீழ் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்துக் கொடுக்கும் தாங்கல் குறைந்து, அந்தப் பாரமும் பிரேக்கின் தலையிலேயே விழுகிறது. வண்டியின் பளுமையம் உயர்ந்திருப்பதால் திருப்பத்தில் சாய்வும் கூடும். மலைக்காக மாட்டிய டயர் மலையிலேயே பகையாவதை மலைவாசிகள் முதலில் உணரவேண்டும். வெளியே நீண்ட ரிம்மை மாட்டி, டயர் மட்கார்டுக்கு அப்பால் துருத்திக்கொண்டு நிற்க, பின்னால் வரும் சைக்கிள்காரர்மீது கல்லும் சேறும் வாரியிறைப்போரைப்பற்றி நாம் எழுதவே கூசுகிறோம்.

ஆகவே, இன்று சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக்கூடியது என்ன? வண்டியுடன் வந்த கையேட்டையும், ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள டயர் விவரத் தாளையும் முதலில் படிக்கவேண்டும். சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை அங்கீகரித்திருக்கிறார். மேற்சொன்ன தார் வண்டியிலேயே மேல் ரகத்துக்கு 255/65 ஆர் 18 வந்தது. அதன் உயரம் 789 மில்லிமீட்டர், அதாவது கீழ் ரகத்தைவிட 15 கூடுதல். தம்முடைய ரகத்துக்கு அந்த அளவு பொருந்தும் என்பதைத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் பெற்று, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு மாற்றுவோர் வாதாட இடம் பெறுகிறார்கள். மறைத்தவர் விபத்து நேர்ந்தபின் தம் வண்டியின் சேதத்துக்குக் கோரிக்கை வைக்கும்போது, அந்த மாறுதலே அவருக்கு எதிரான முதல் சாட்சியாகும். புதிய டயரின் பாரக் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது. 111 என்று வார்த்திருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும் என்பது பொருள். வேகக் குறியீடும் அவ்வாறே. நான்கு சக்கரமும் ஒரே அளவாக இல்லாவிட்டால், நான்கும் சேர்ந்து இழுக்கும்போது கியர்ப் பெட்டிகள் முறுக்குண்டு தேயும். ஸ்டெப்னியையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும். உயரம்தான் வேண்டுமென்போருக்கு இன்னொன்றும் சொல்வோம். அதே அளவில், ஆழமான பட்டனுள்ள கரடுமுரடுப் பாதை டயர்கள் கிடைக்கின்றன. சேற்றில் வண்டி சிக்குவது பெரும்பாலும் உயரக் குறைவால் அல்ல, பிடிமானக் குறைவால்.

வேறொரு வழியும் நடமாடுகிறது. ஆண்டு முழுவதும் பெரிய டயரில் ஓட்டிவிட்டு, சோதனை நாளில் பழைய டயர்களைக் கடனாகப் பெற்று மாட்டிச் செல்வது. இதைச் சட்டத்தை எதிர்க்கும் வீரம் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். முன்பு சேலத்து வக்கீலாக இருந்த ராஜாஜியின் தலைமையில் 1930இல் வேதாரணியத்துக்கு நடந்தவர்கள் உப்பைப் பகலில் அள்ளினார்கள். அள்ளியபின் சிறைக்குப் போனார்கள். டயரை ஒளித்து வைப்போர் அந்த வரிசையில் நிற்க முயலவேண்டாம்.

ஆனால் சர்க்காரையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. லாரி விஷயத்தில் அளந்து சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சரக்கு வண்டியின் பதிவு விண்ணப்பத்திலேயே ஒவ்வோர் அச்சிலும் எத்தனை டயர், என்ன அளவு என்று கேட்கிறார்கள். 2018 ஜூலையில், நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சு சுமக்கத்தக்க பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். நிபுணர்களைக் கேட்டு, எண்ணைக் குறித்து, அரசிதழில் அச்சிட்டார்கள். நாமக்கல் லாரிக்காரர் அதைப் படித்துப் பாரம் ஏற்றினார். தனியார் வண்டியின் டயருக்கு மட்டும் அப்படியோர் எண் இல்லை. 5 மில்லிமீட்டர் கூட்டியவரும் 100 மில்லிமீட்டர் கூட்டியவரும் ஒரே குற்றவாளி. எண் இல்லாத இடத்தில் அதிகாரியின் இஷ்டமே சட்டமாகிறது. இஷ்டம் சட்டமான இடத்தில் கை நீளுவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை.

வெளிநாடுகளில் இதற்கு எண் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய மாறுதல் விதிமுறை, கரடுமுரடுப் பாதைக்கான நாற்சக்கர இழுவை வண்டியின் டயர் உயரத்தைத் தயாரிப்பாளர் குறித்ததைவிட 50 மில்லிமீட்டர் வரை கூட்ட இடமளிக்கிறது. சாதாரணக் கார்களுக்கு 15தான். ஜெர்மனியில் சுதந்திரமான சோதனை நிலையத்தார் வண்டியைப் பார்த்து, உரசுகிறதா, பிரேக் போதுமா என்று சோதித்து, புதிய அளவை வண்டியின் பத்திரங்களில் ஏற்றித் தருகிறார்கள். அவ்விரு நாட்டாரும் பாதுகாப்பில் நம்மைவிட அசட்டையானவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்.

இதற்குப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. 2019இன் திருத்தம் தண்டனையை மட்டும் கொணரவில்லை. வண்டிகளில் செய்யும் மாறுதல்களுக்கான அளவுகளையும் நிபந்தனைகளையும் மத்திய சர்க்கார் விதியாக வகுக்கலாம் என்றும், அவ்வாறு செய்த மாறுதலால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் ரத்தாகாது என்றும் 52ஆம் பிரிவிலேயே ஒரு வாசகத்தைச் சேர்த்தது. கதவு திறந்தே இருக்கிறது, புகுவோர்தான் இல்லை. இத்தனை மில்லிமீட்டர் வரை, இன்ன பாரக் குறியீடு, முழுத் திருப்பத்தில் உரசாமை, வேகமானியைச் சரிசெய்தல், பிரேக் சோதனை, அதன்பின் ஆர்.சி.யில் பதிவு என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடத்தக்க விதி இது. சோதிப்பதற்கு வேண்டிய கைத்திறனுக்கும் குறைவில்லை. டயரின் குணத்தை ஆயுள் முழுவதும் கண்ட மனிதர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வரைவு விதியைப் பிரசுரித்து ஆட்சேபங்களைக் கேட்பது டெல்லியின் வழக்கம். இந்த இரு ஜில்லாக்களின் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் அந்த வரைவை அமைச்சரிடம் கேட்டு வாங்கட்டும். லாரி உரிமையாளர் சங்கத்தாரும் பட்டறைக்காரரும் மலைக் குடியானவர்களும் தங்கள் அபிப்பிராயத்தை எண்களோடு எழுதி அனுப்பட்டும்.