தோலின் நிறமும் லேசர்க் கதிரும்

புலம்பெயர்ந்த எம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத துயரங்களுள் ஒன்று, பெண்பிள்ளைகளின் மேலுதட்டிலும் நாடியிலும் அரும்பும் உரோமம். பாடசாலையில் கேலிக்குள்ளான மகளை அழகு நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் தாய்மார் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. கதிரின் அலைநீளத்தை விசாரிப்பவரை நாம் கண்டதில்லை.

உரோமத்திலுள்ள மெலனின் என்ற கருநிறப் பொருளே லேசர்க் கதிரை உறிஞ்சிச் சூடாகிறது. எமது தோலிலும் அதே மெலனின் நிறைந்துள்ளமையால், வெண்தோலுக்கு ஏற்ற 755 நனோமீற்றர் அலெக்சாண்டிரைட் கதிர் எம்மவர் தோலைப் பொசுக்கிக் கருந்திட்டுகளை விட்டுச் செல்லக்கூடும். 1064 நனோமீற்றர் என்.டி. யாக் கதிரோ மேற்றோலில் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழத்திலுள்ள வேரை எட்டுவது. ஒப்பளவில் எமக்குப் பாதுகாப்பானது அதுவே. ஒரே தடவையில் முடியும் காரியமன்று.

நரைத்த உரோமத்துக்கு லேசர் பயன்படாது. அதற்கு மின்னூசி முறை உண்டு. 1875இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிச்செல், உள்நோக்கி வளர்ந்த இமைமயிரை அகற்றக் கையாண்ட முறை அது. ஒவ்வொரு மயிராகக் குத்துவதால் பொறுமை வேண்டும். நூலால் பறித்தல் மலிவு, மீண்டும் முளைக்கும்.

மாதவிடாய் ஒழுங்கு தவறி, உரோமமும் தடித்து வளருமாயின், முதலில் நாடவேண்டியவர் குடும்ப வைத்தியர். ஆண் ஓமோன் மிகும் சூலக நோயின் அறிகுறியாக அது இருக்கலாம். மொழி அறியாத தாய், அவ்வேளையில் மகளையே மொழிபெயர்ப்பாளராக்காது, நம்பிக்கையான பெண்ணொருவரை உடனழைத்துச் செல்லலாம்.