கம்பளியின் மேல் படுத்த கணித மேதை

சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய் சம்பளக் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜம், 1914-ல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். குளிர் வாட்டி எடுத்துவிட்டது. இரவில் ஓவர்கோட்டுடன் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பார். அப்படியும் நடுக்கம்!

போர்வை போதவில்லையோ என்று, அங்கே படித்துவந்த வங்காள நண்பர் மகலனோபிஸ் (பிற்காலப் புள்ளியியல் நிபுணர்) படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகளுக்குக் குறைவே இல்லை! எல்லாம் மெத்தையோடு இறுக்கிச் செருகிக் கிடந்தன. நம்மவர் அவற்றின் மேலே படுத்து, மெல்லிய மேல்விரிப்பைப் போர்த்தி வந்திருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு யார் சொன்னார்கள்? பிழைக்க வெளியூர் வந்த நமக்கும் இப்படி ஒன்றாவது நேர்ந்திருக்கும்.

நண்பர் செய்து காட்டினார். ராமானுஜம் நெகிழ்ந்து போனார். தம்மிடம் அவர் அத்தனை பிரியமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று மகலனோபிஸ் பின்னாளில் சொன்னார்.