பூட்டும் திறப்பும் ஒத்துப்போனால் போதுமா?

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். எமது மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தாயார் தமது நானாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். கையில் செம்மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் துணி உறை, உறைக்குள் பெண்கள் பாவிக்கும் கைப்பை. அதன் முன்பக்கத்தில் பொன்னிறத் தகடுகளும் சிறு பூட்டொன்றும் இருந்தன. மணி போலத் தைத்த தோல் உறைக்குள் இரண்டு திறப்புகள் தொங்கின.

அந்தச் சகோதரி பன்னிரண்டு வருடங்கள் குவைத்தில் ஒரே வீட்டில் பணிபுரிந்தவர். ஊர் திரும்பும்போது எஜமானி அன்பளிப்பாகக் கொடுத்த பை அது. பார்த்தவர்கள் எல்லோரும் பல இலட்சம் பெறும் என்று சொல்லியிருக்கிறார்கள். மகளின் படிப்புச் செலவுக்காக அதை விற்கத் தீர்மானித்து, கொழும்பிலுள்ள ஒரு பெண்மணியிடம் மூன்று இலட்சம் ரூபாவுக்குப் பேசி, ஐம்பதாயிரம் முற்பணமும் வாங்கிச் செலவழித்தாயிற்று. வாங்குபவர் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டபோதுதான் பெட்டியின் அடியில் கிடந்த அரபுத் தாள் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

"மௌலவி, இதுல எழுதியீக்கிறது என்னண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன். 'ஊலா'ண்டு ஈக்கிது. முதலாந்தரம் எண்டுதானே அர்த்தம்?"

முதலாந்தரம் என்பது சரிதான். 'தரஜா ஊலா' என்று கடைக்காரர் கைப்பட எழுதியிருந்தார். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்தது: 'தக்லீத்'. அரபுக் கல்லூரியில் நாங்கள் தக்லீத் என்று படித்தது ஓர் இமாமைப் பின்பற்றுவதைப் பற்றி. அரபு நாட்டுக் கடைத்தெருவில் அதே சொல்லுக்குப் 'போலி' என்று பொருள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் 'முதலாந்தரப் போலி'. போலிகளிலும் தரம் பிரித்து விற்கிறார்கள்!

அதை உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தத் தாள் வேறொரு பைக்கு உரியதாகவும் இருக்கலாமே! தாளை மாத்திரம் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் பையையே பார்ப்போம் என்று, மறுநாள் அவரது நானாவுடன் கொழும்பில் தோற்பைகள் பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவரிடம் போனேன். டுபாயில் பல வருடங்கள் இதே தொழில் செய்தவர். பையைக் கையில் எடுத்ததும் தோலைத் தடவிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ நகைக்கடைக்காரரின் பூதக்கண்ணாடியை எடுத்து உலோகத் தகட்டின் மூலைகளைப் பார்த்தார்.

ஏன் உலோகத்தைப் பார்க்க வேண்டும்? நல்ல தோலை யாரும் விலை கொடுத்து வாங்கலாம். தகட்டைத் தோலோடு பிணைக்கும் வேலைக்குத்தான் நேரமும் பழகிய கையும் வேண்டும். போலி செய்பவர் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்தப் பையில் பொறித்திருந்த பெயர் பாரிஸின் ஹெர்மேஸ். 1837இல் தியெரி ஹெர்மேஸ் என்பவர் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்வதற்காகத் தொடங்கிய பட்டறை அது. பாய்ந்தோடும் குதிரையில் ஒரு வார் அறுந்தாலும் ஓர் ஆணி கழன்றாலும் ஆளுக்கு ஆபத்து. ஆகவே இரண்டு ஊசிகளால் மெழுகு பூசிய நூலைக் கோத்துத் தைக்கும் முறையும், கழராதபடி உலோகத்தைப் பொருத்தும் முறையும் அங்கே வேரூன்றின. பின்னர் கைப்பை செய்தபோதும் அவற்றை விடவில்லை. நடிகையாக இருந்து மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெலியின் பெயரால் 'கெலி' என்றொரு பையும், ஜேன் பேர்க்கின் என்ற பாடகியின் பெயரால் 1984இல் 'பேர்க்கின்' என்றொரு பையும் பிரசித்தமாயின. சகோதரி கொண்டுவந்தது பேர்க்கின் வடிவம். அசல் பேர்க்கினின் விலை பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல்.

அசலான பேர்க்கின், கெலி பைகளின் முன்பக்கத் தகடுகள் திருகாணியால் முடுக்கப்படுவதில்லை. தோலின் முன்னும் பின்னும் தகடு வைத்து, மூலைத் துளைகளினூடாகச் சிறு ஆணிகளைச் செலுத்துவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மாத்திரம் மிஞ்சும்படி வெட்டுவார்கள். பிறகு, நுனியில் குழிவுள்ள ஓர் உளியை அதன்மேல் நிறுத்திச் சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, மிஞ்சிய முனையை முத்துப் போல உருட்டி விடுவார்கள். பிரெஞ்சு மொழியில் இதற்குப் 'பெர்லாஜ்' என்று பெயர். முத்தாக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி உருட்டிய ஆணி தானாகத் தளராது. கழற்ற வேண்டுமானால் ஆணியை அழிக்கத்தான் வேண்டும். கையால் தட்டியதால் ஒரு முத்துக்கும் மறு முத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஆனாலும் விரலால் தடவினால் ஒன்றும் உறுத்தாது.

எங்கள் பையின் தகட்டை அவர் காட்டினார். நான்கு மூலையிலும் கூட்டல் குறி வெட்டிய திருகாணிகள். ஒன்று ஏற்கெனவே தளர்ந்து, நகத்தால் தள்ளினாலே சுழன்றது.

"இலக்கம் சரியாத்தானே ஈக்கிது?" என்று கேட்டார் நானா. பூட்டின் அடியிலும் இரண்டு திறப்புகளிலும் ஒரே இலக்கம் பொறித்திருந்தது உண்மை. வீட்டில் எல்லோரும் அதைத்தான் பெரிய அத்தாட்சியாக நம்பியிருந்தார்கள். அந்த இலக்கம் எந்தப் பூட்டுக்கு எந்தத் திறப்பு என்பதை மாத்திரமே காட்டும். அது பைக்குரிய தொடர் இலக்கம் அல்ல. அசல் பைகள் பலவற்றிலும் ஒரே பூட்டு இலக்கம் இருக்கும். போலி செய்பவருக்கு இரண்டு இடத்தில் ஒரே எண்ணைப் பொறிப்பது ஒரு வேலையா என்ன? பெட்டிக்குள் 'அசல் என்பதற்கான' பிளாஸ்டிக் அட்டை ஒன்றும் கிடந்தது. அந்த நிறுவனம் அப்படி அட்டை கொடுப்பதே இல்லை. அட்டை இருப்பதுதான் சந்தேகத்துக்கு இடம் என்று சொல்லி அவர் சிரித்தார்.

அடுத்து முலாம். நமது பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கில்ட் நகை தேய்ந்து உள்ளே வேறு நிறம் தெரிவதைப் பார்க்காத வீடு உண்டா? நல்ல பைகளின் உலோகம் பெரும்பாலும் பித்தளை, அதன்மேல் தங்க முலாம் அல்லது பலேடியம் முலாம். பலேடியம் பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த வெள்ளை உலோகம், இலேசில் கறுக்காது. பித்தளைமேல் பூசிய தங்கம் தேய்ந்தால் உள்ளே மஞ்சள்தான் தெரியும். மலிவான போலிகளில் துத்தநாகக் கலவையை வார்த்து மேலே நிறம் ஏற்றுவதால், தேய்ந்த இடம் சாம்பல் நிறமாக வெளிறும். எங்கள் பையில் பூட்டு உராயும் இடம் அப்படித்தான் வெளிறியிருந்தது. துத்தநாகக் கலவை பித்தளையைவிடப் பாரம் குறைந்தது. பழகிய கை தூக்கிப் பார்த்தே சொல்லிவிடும், நம் கைக்குத் தெரியாது.

காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கமொன்று இருக்கிறது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவு கட்டக் கூடாது. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது.

திருகாணி கண்டவுடன் போலி என்று சொல்லிவிடவும் வேண்டாம் சகோதரிகளே! ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். ஷனெல் நிறுவனத்தின் மடிப்புப் பைகளில் பூட்டின் பின்தகட்டைத் திருகாணிகள்தான் பிடித்திருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது முன்பக்கத்தில் முதுகோடு முதுகாகப் பின்னியிருக்கும் இரண்டு 'சி' எழுத்துகளை. மேலே வலப்பக்க எழுத்து இடப்பக்க எழுத்தின்மேல் ஏறியிருக்கும். கீழே இடப்பக்க எழுத்து மேலேறும். அவசரத்தில் செய்த போலிகளில் இது மாறிப்போவதுண்டு. லூயி விட்டோன் நிறுவனமோ பூட்டாலேயே பெயர் பெற்றது. 1886இல் அவர்கள் செய்த பூட்டின் விசேஷம், ஒரு பிரயாணி தமது பெட்டிகள் அனைத்துக்கும் ஒரே திறப்பை வைத்துக்கொள்ளலாம் என்பது. போலிகளின் தொல்லையால்தான் அந்த நிறுவனம் 1896இல் பூவும் எழுத்தும் கலந்த தனது சித்திரத்தை வெளியிட்டது. இன்று உலகில் அதிகம் போலி செய்யப்படும் சித்திரங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது!

முத்தாக்கிய ஆணியையும் முழு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. ஹெர்மேஸ் பைகளைக் கள்ளத்தனமாகச் செய்து விற்ற ஒரு கூட்டத்தை 2020இல் பாரிஸ் நீதிமன்றம் விசாரித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் அந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களும் இருந்தார்கள். அங்கேயே பழகிய கைக்கு எந்த வேலைதான் தெரியாது? ஆகவே தெரிந்தவர்கள் ஒன்றை வைத்து முடிவு செய்வதில்லை. தையல், எழுத்துப் பொறிப்பு, சிப்பின் முனை, உலோகம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஜேன் பேர்க்கின் தாமே பாவித்த முதலாவது பை 2025 ஜூலையில் பாரிஸில் ஏலம் போனது. எண்பத்தைந்து இலட்சம் யூரோவுக்கு மேல்! பின்னால் வந்த பைகளிலிருந்து அதை வேறுபடுத்தும் அடையாளங்களாகச் சொல்லப்பட்டவற்றில் மூடிய வளையங்களும், பொன் முலாமிட்ட பித்தளையும், அடிப்பக்கக் குமிழ்களின் அளவும், அந்த அம்மையார் தொங்கவிட்டிருந்த நகவெட்டியும் இருந்தன. கீறல் விழுந்த பழைய பைக்கு அவ்வளவு விலை என்பது என் புத்திக்கு எட்டாத விடயம். அது நிற்க.

தாளும் தகடும் ஒரே கதையைச் சொன்னதால் நான் அந்தச் சகோதரியிடம் விடயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா என்னை ஏமாத்தினாங்களா?" என்று மாத்திரம் கேட்டார். எஜமானியை அங்கே மாமா என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பெண்மணி பெறுமதி பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஹதிய்யாவாகக் கொடுத்தார், கடைச்சீட்டையும் எடுக்காமல் பெட்டியிலேயே விட்டிருந்தார். பல இலட்சம் என்ற பேச்சு நமது ஊரில் கிளம்பியது.

நானா வேறொரு வழி சொன்னார். "வாங்குறவங்க இவ்வளவு நுணுக்கமாப் பாக்க மாட்டாங்க மௌலவி." பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் குறையுள்ள பொருளை வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று ஃபிக்ஹ் நூல்களில் 'கியாருல் ஐப்' என்றொரு பகுதியே இருக்கிறது. விற்றவருக்குக் குறை தெரியாதிருந்தாலும் அந்த உரிமை போகாது. தெரிந்த பிறகு மறைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சரி, போலி என்று சொல்லியே விற்கலாமா என்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. போலி வர்த்தகக் குறியுள்ள பொருளை விற்பது இந்நாட்டில் குற்றம்.

ஆகவே பேரம் முறிந்தது. கொழும்புப் பெண்மணியிடம் அந்தச் சகோதரியே தொலைபேசியில் உள்ளதைச் சொன்னார். முதலில் கடுமையாகத்தான் பேசினாராம். மறுநாள் அவரே அழைத்து, முற்பணத்தை மூன்று மாதத்தில் பகுதி பகுதியாகத் தந்தால் போதும் என்றார். இரண்டு பகுதி கொடுத்தாயிற்று.

இப்போது பையை மகள் பாவிக்கிறாள். அசலோ போலியோ, முலாமிட்ட உலோகம் எதற்கும் பொருந்தும் சில விடயங்களைப் பழுதுபார்ப்பவர் சொல்லியனுப்பினார். பிராசோ போட்டுத் துலக்கவே கூடாது. அது அழுக்கோடு முலாமையும் தேய்த்தெடுத்துவிடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். அத்தர், சென்ட் பூசிய கை ஈரமாக இருக்கையில் பூட்டைத் தொடாதிருப்பது நல்லது. நமது கரையோரத்து உப்புக் காற்றில் பையைப் பொலித்தீனில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். துணி உறையில் போட்டு, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பக்கெட் இரண்டைக் கூட வைக்கலாம். தளர்ந்த திருகாணியை அளவான கருவியால் முடுக்கிவிட்டு, அதன் தலையில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் இலேசில் கழராது. அந்தப் பையின் திருகாணிக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

பூட்டை மாத்திரம் மகள் கழற்றி, விடுதிக்குக் கொண்டுபோகும் சூட்கேஸில் போட்டிருக்கிறாள். ஒரு திறப்பு அவளிடம், மற்றது உம்மாவிடம்.