உழாத நிலத்துக்கு வாடகை

ஒரு விவசாயியும் அவருடைய இரண்டு பையன்களும் புழுதிக் காற்றில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கொட்டகையை நோக்கி நடக்கிறார்கள். 1936 ஏப்ரலில் ஆர்தர் ரோத்ஸ்டீன் எடுத்த இந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. எடுத்த இடம், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மேற்குக் கோடியில் இருக்கும் சிமரான் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆனால் இங்கே வசிப்பவர்கள் சுமார் 2,300 பேர்தான். இன்று இந்த கவுண்டியில் பல விவசாயிகளுக்கு, நிலத்தை உழாமல் புல் வளர விடுவதற்காக அரசாங்கம் ஆண்டுதோறும் வாடகை தருகிறது.

இதற்கான காரணம் மண்ணிலேயே இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 20 அங்குலத்துக்கும் குறைவு, காற்றோ ஓயாது. வேரால் மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை விவசாயிகள் புரட்டிப் போட்டு, கண்ணுக்கெட்டியவரை கோதுமை விதைத்தார்கள். 1930-களில் மழை பொய்த்ததும் மேல்மண் கிளம்பிவிட்டது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயல் பகலை இருட்டாக்கியது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

பட்ட அடி சீக்கிரமே மறந்துபோயிற்று. 1970-களில் தானிய விலை ஏற, கலப்பை மறுபடியும் புல்வெளிக்குள் இறங்கியது. மண் அரிப்பும் திரும்பி வந்தது.

1985-இல் பிறந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம்தான் இன்றைய திட்டத்தின் தாய். அந்தத் திட்டத்தின் பெயர் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் (Conservation Reserve Program); விவசாயிகள் சுருக்கமாக 'சி.ஆர்.பி.' என்பார்கள். எளிதில் அரிக்கப்படும் நிலத்தை வைத்திருப்பவர், ஏக்கருக்கு எவ்வளவு வாடகை வேண்டும் என்று அரசிடம் விண்ணப்பிக்கிறார். மண், தண்ணீர், காட்டுயிர் ஆகியவற்றுக்கு அந்த நிலம் எவ்வளவு நன்மை தரும் என்று அரசு மதிப்பெண் போடுகிறது. தேர்வானால் 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம். புல் விதைக்கும் செலவில் பாதிவரை அரசே ஏற்கும். நிலம் அவருடையதாகவே இருக்கும். சாகுபடி மட்டும் கூடாது. கடும் வறட்சியில் மாடு மேய்க்க அனுமதி உண்டு.

இதில் கசப்பும் உண்டு. உழவு நின்றால் விதைக்கடை, உரக்கடை, டீசல் பங்க், தானியக் கிடங்கு எல்லாம் வாடும். வயதான நிலக்காரர் அரசு வாடகையே போதும் என்று இருந்துவிட்டால், குத்தகைக்கு நிலம் தேடும் இளைஞருக்கு வழியில்லை. ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாக இத்திட்டத்தில் சேரக்கூடாது என்ற விதி இந்தக் கவலையில் பிறந்தது. நியாயமான விதிதான். மண்ணைக் காப்பாற்றிவிட்டு ஊரைக் காலி செய்தால் யாருக்கு லாபம்?

அதைவிடப் பெரிய குறை ஒப்பந்தத்தின் ஆயுள். 2007-இல் நாடு முழுவதும் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. பிறகு எத்தனால் தயாரிப்புக்காக மக்காச்சோளத்துக்குக் கிராக்கி கூடியது, விலை எகிறியது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் புல்லை உழுதுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. செலவைக் குறைக்க நினைத்த நாடாளுமன்றமும் 2014-இல் உச்சவரம்பைப் படிப்படியாக 2 கோடியே 40 லட்சம் ஏக்கருக்குக் குறைத்தது. பத்தாண்டு வாடகை கொடுத்து வளர்த்த புல், ஒரு பருவ உழவில் போய்விடுகிறது.

2011 முதல் சில ஆண்டுகள் சிமரான் பகுதியை மறுபடியும் கொடிய வறட்சி தாக்கியது. புழுதி எழுந்தது, ஆனால் 1930-களின் பேரழிவு திரும்பவில்லை. உழவு முறை மாறியது ஒரு காரணம், நின்ற புல் இன்னொரு காரணம். செலவழித்த பணம் வீண் போகவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆறு, ஏரிகளின் நீர்த்தரத்தைக் காக்கும் சில நிலங்களுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் தரும் ஏற்பாட்டை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டு வந்தது. காற்று அரிக்கும் சிமரான் போன்ற வறண்ட கவுண்டிகளுக்கும், விருப்பமுள்ள விவசாயிகளோடு, அதே நீண்ட ஒப்பந்தத்தை அரசு போட வேண்டும்.